பழி மட்டும் பேட்டரிக்கு

“பேனலும் பேட்டரியும் நல்ல கம்பெனியாப் பார்த்துப் போட்டுடுங்கணா. நடுவுல வர்ற பெட்டி எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்.”

தேவிகாபுரத்தில் சோலார் பேச்சை எடுத்தால் இந்த வார்த்தை வராமல் இருக்காது. தறியில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார். ஒயரிங் செய்ய வருகிறவர் சொல்கிறார். ஆரணியில் பேட்டரி வாங்கப் போனால் கடைக்காரரும் இதையே சொல்லி அனுப்புகிறார். மூன்று பேரும் சொல்வது தவறு. வீட்டுக் கூரையில் பேனல் வைத்தவர்களின் பணத்தைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும் தவறு.

அவர்கள் தரப்பை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தை உண்டாக்குவது பேனல். சேர்த்து வைப்பது பேட்டரி. நடுவில் வரும் பெட்டியான சார்ஜ் கன்ட்ரோலர் இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. உள்ளங்கை அகலப் பெட்டி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில ஆயிரம் கேட்கும் பெட்டியும் அதே மூன்று ஜோடி ஒயரைத்தான் வாங்கிக்கொள்கிறது. பார்வைக்கு அதே வேலையைத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டில் மலிவுப் பெட்டி மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கிற காசைப் பெரிய பொருளில் போடு, சில்லறைப் பொருளில் சிக்கனம் பிடி என்பது பாவுக்கும் ஜரிகைக்கும் முதல் போட்டுப் பழகிய வீடுகளின் கணக்கு. இதில் அறிவில்லாத பேச்சு எதுவும் இல்லை. ஒவ்வொரு படியும் பார்வைக்குச் சரியாக இருப்பதால்தான் இந்தக் கருத்து இவ்வளவு தூரம் வேரோடியிருக்கிறது.

எங்கள் தறி வீடுகளுக்குள் பேட்டரி நுழைந்த காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2012ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் எத்தனையோ. குழித்தறியில் உட்கார்ந்து கறுப்புப் பாவில் அறுந்த இழையைத் தேடுகிறவருக்கு வெளிச்சம் போனால் வேலை போயிற்று. அப்போது கடன் வாங்கி இன்வெர்ட்டர் வாங்கினார்கள். பிறகு பேனல் வந்தது. இப்போது கட் குறைந்துவிட்டது, ஆனால் ஒழியவில்லை. மழைக்காற்று அடித்தால் மாலை முழுக்க இருட்டுதான். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவசம் என்றிருந்ததை அரசு 2023ல் 300 யூனிட் ஆக்கியது. ஆகவே ஒரு கைத்தறி வீட்டுக்குச் சோலாரால் பில் குறைவது பெரிய லாபம் இல்லை. அந்த வீடு காசு கொடுத்து வாங்குவது, கரண்ட் போன நேரத்தில் இருக்கும் வெளிச்சத்தை. அந்த வெளிச்சம் பேட்டரியின் ஆயுளில் இருக்கிறது. பேட்டரியின் ஆயுள் எதில் இருக்கிறது என்பதுதான் வழக்கு.

1. செத்தது பேட்டரி என்பதால் குற்றமும் பேட்டரியுடையதா?

ஈய அமில பேட்டரியை 1859ல் பிரான்ஸில் கஸ்தோன் பிளாந்தே செய்து காட்டினார். இன்றைக்கு நம் வீட்டு மூலையில் இருக்கும் ட்யூபுலர் பேட்டரியின் உள்ளே நடப்பதும் அதே வேதியியல்தான். 12 வோல்ட் பேட்டரி என்றால் ஆறு அறைகள். முழுதாக நிறைந்து, எதையும் ஓட்டாமல் ஓய்வில் இருந்தால் மல்ட்டிமீட்டர் 12.7 வோல்ட் அளவில் காட்டும். அதை நிறைப்பதற்கு 14.4 வரை ஏற்றி, அங்கே சில மணி நேரம் நிறுத்த வேண்டும். நிறைந்த பிறகு 13.5க்கும் 13.8க்கும் நடுவில் தாங்கிப் பிடிக்க வேண்டும். 14.4ஐத் தாண்டித் தள்ளிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகும், தகடு அரிக்கும். நாள்தோறும் 14.4ஐ எட்டவிடாமல் பாதியில் நிறுத்தினால் தகட்டில் ஈய சல்பேட் கல்லாக இறுகும். இறுகிய இடம் மறுபடி வேலைக்கு வராது. வாழ்வும் சாவும் ஒரு வோல்ட்டுக்குள் தீர்மானமாகின்றன. அந்த ஒரு வோல்ட்டைக் கையில் வைத்திருப்பது எது? பேனல் இல்லை. பேட்டரியும் இல்லை. நடுவில் இருக்கும் பெட்டி.

என் சித்தப்பா வீட்டில் ஒரு பேட்டரி ஒன்றரை வருஷத்தில் போயிற்று. பதினைந்து நாளுக்கு ஒரு முறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தார். “நல்லா தண்ணி குடிக்குதுடா, அப்படின்னா நல்லா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம்” என்பார். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நண்பகலில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 15.3. அது ஏறுகிற சார்ஜ் இல்லை, கொதிக்கிற தண்ணீர். பேட்டரி விற்ற கடையில் போய்ச் சண்டை போட்டுவிட்டு, அடுத்த பேட்டரியை வாங்கி வந்து, அதே பெட்டியில் மாட்டினார். நான் சொல்லச் சொல்லத்தான் இரண்டு மாதம் கழித்துப் பெட்டியை மாற்றினார்.

அந்த வீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். பேட்டரிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்திருந்த ஜரிகைக் கட்டை ஒன்று மங்கிப்போயிருந்தது. அளவுக்கு மீறி ஏறிய பேட்டரியிலிருந்து சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் வரும். வெள்ளியைக் கறுக்கச் செய்யும் வாயுவின் நாற்றம் அது. ஜரிகையில் இருப்பது வெள்ளி. அந்தக் கட்டை அதனால்தான் மங்கியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த நாற்றம் அந்த அறையில் இருந்தது. கூடவே, பிரிந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தறி ஓட்டுகிற வீடுகளில், விளக்கேற்றும் சாமி மாடத்துக்குக் கீழேயே பேட்டரியை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

2. “லைட் சீக்கிரம் அணைஞ்சிடுது, பெட்டி சரியில்லை.”

இந்தப் புகாரைத்தான் அதிகம் கேட்கிறேன், இதற்குத்தான் அதிகம் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இங்கே பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்ததற்காகத் தண்டிக்கப்படுகிறது.

கன்ட்ரோலரில் மூன்று ஜோடி முனைகள். ஒன்றில் பேனலின் படம், அடுத்ததில் பேட்டரியின் படம், மூன்றாவதில் பல்பின் படம். விளக்கை இந்த மூன்றாவது ஜோடியில் கொடுத்தால், பேட்டரி 11 வோல்ட்டுக்கு அருகே இறங்கும்போது பெட்டி விளக்கை அணைத்துவிடும். அதற்கும் கீழே உறிஞ்சினால் பேட்டரி பழைய நிலைக்குத் திரும்பாது என்பதால்தான் அந்த வெட்டு.

ஒரு தை மாத ராத்திரி. முகூர்த்தச் சேலை, விடிந்தால் அறுத்துக் கொடுக்க வேண்டும், முந்தி இன்னும் ஒரு முழம் பாக்கி. மழையில்லாமலே கரண்ட் போயிருந்தது. ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிட்டார்கள். அவன் பல்பு முனையில் இருந்த இரண்டு ஒயரைக் கழற்றி நேராகப் பேட்டரி முனையில் முறுக்கிவிட்டான். “இனிமே அணையாதுணா.” அணையவில்லை. சேலை முடிந்தது. அந்த ஒயரை யாரும் திரும்பப் பழைய இடத்தில் மாட்டவும் இல்லை. ஐந்து மாதத்தில் அதே பேட்டரி இருபது நிமிஷம்கூட நிற்கவில்லை.

அந்த ராத்திரி அந்த வீட்டுக்காரர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். கூலி அந்தச் சேலையில் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் ஒயரைத் திரும்ப மாட்டச் சொல்லாதவர்கள், அந்த முனை எதற்கென்றே விற்கும்போது சொல்லாதவர்கள், இவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. விளக்கு சீக்கிரம் அணைகிறது என்றால் பெரும்பாலும் இரண்டே காரணம். பகலில் நிறையவில்லை, அல்லது இரவில் அதிகம் எரிக்கிறீர்கள். பெட்டி அந்த உண்மையைச் சொல்கிறது. சொன்னதைக் கேட்காமல் சொல்கிறவனை விலக்கிவிட்டால் உண்மை மாறாது, பேட்டரிதான் மாறும்.

2011ல் தமிழக அரசு தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடுகள், வீட்டுக்கு 5 விளக்குகள் என்று வகுத்தார்கள். தொடக்கத்தில் வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கியதில் 30,000 ரூபாய் சோலார் விளக்குகளுக்கு. விளக்கு ஐந்தையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். பேனலை அண்ணாந்து பார்த்தால் தெரியும். விளக்குகளை ஆண்டுக்கணக்கில் எரிய வைப்பதும் எரியவிடாமல் செய்வதும் அந்தச் சின்னப் பெட்டி என்பதை யார் யாருக்குச் சொன்னார்கள்? பொதுப்பணத்தில் வருகிற எந்தச் சோலார் திட்டத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

3. “பேனலும் 12 வோல்ட், பேட்டரியும் 12 வோல்ட், நடுவில் என்ன இருக்கிறது செய்ய?”

பேனல் 12 வோல்ட் இல்லை. அது விற்பனைப் பெயர். 36 செல் உள்ள அந்தப் பேனல் நல்ல வெயிலில் 18 வோல்ட்டில் வேலை செய்கிறது, எதையும் மாட்டாமல் அளந்தால் 22 காட்டும். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

இப்போது கடைகளில் பெரிய பேனல்கள் வந்துவிட்டன. இங்கேதான் “எல்லாம் ஒண்ணுதான்” என்ற பேச்சு நேரடியாகப் பணத்தைக் கொட்டிக் கவிழ்க்கிறது. 72 செல், 330 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரும். மலிவான பி.டபிள்யூ.எம். பெட்டி பேனலைப் பேட்டரியோடு அப்படியே சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கும் ஒரு சுவிட்ச். சேர்த்த கணத்தில் பேனல் பேட்டரியின் வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 9 ஆம்பியரை 13.5ஆல் பெருக்கினால் 121 வாட். மீதி இருநூறு வாட் கூரையிலேயே வீண். எம்.பி.பி.டி. பெட்டி பேனலை அதன் 37லேயே வேலை செய்யவிட்டு, உள்ளே வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தரும். நம் ஊர் வெயில் சூட்டில் பேனல் தன் முழு 330ஐத் தராது; அந்தக் கழிவெல்லாம் போகவும் 250 வாட்டுக்குக் குறையாமல் பேட்டரிக்கு வரும். ஒரே பேனல், ஒரே வெயில், இரண்டு மடங்கு வித்தியாசம்.

இதைச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்து மிகையையும் மறுக்காமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். “எப்போதும் எம்.பி.பி.டி.தான் வாங்க வேண்டும்” என்று வற்புறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. 36 செல் பேனலாக இருந்தால், சித்திரை வெயிலில் கூரை மேல் அது அறுபது டிகிரிக்கு மேல் சுடும்போது அதன் 18 வோல்ட் பதினைந்தரை, பதினாறு என்று இறங்கிவிடுகிறது. பேட்டரி 13.5ல் இருக்கும்போது மிச்சம் பிடிப்பதற்கு அதிகம் இல்லை. நூறு வாட் சின்னப் பேனல் வைத்த தறி வீட்டுக்கு, ஒழுங்காகச் செய்த பி.டபிள்யூ.எம். பெட்டி போதும். பெட்டி பேனலுக்கும் பேட்டரிக்கும் பொருந்த வேண்டும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி இல்லை.

அடுத்தது ஏமாற்று. மேலே எம்.பி.பி.டி. என்று அச்சடித்து உள்ளே வெறும் பி.டபிள்யூ.எம். வைத்த பெட்டிகள் சந்தையில் ஏராளம். வோல்ட்டை மாற்ற உள்ளே செப்புக் கம்பி சுற்றிய கனமான காயில் இருந்தே ஆக வேண்டும். கையில் எடுத்தால் வெற்றுத் தீப்பெட்டி போல இருக்கும் பெட்டி அந்த வேலையைச் செய்யாது. ஜரிகையின் நிறத்தை நம்பி இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை. சுரண்டிப் பார்த்து உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். அதே கண் இந்தப் பெட்டிக்கு ஏன் இல்லை? எடையைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அந்த ஆம்பியரைத் தாங்கும் தடித்த கம்பி அதன் முனை ஓட்டையில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் அந்த 30 வெறும் எழுத்து.

4. “இன்வெர்ட்டரிலேயே சார்ஜர் இருக்கிறதே.”

இருக்கிறது, அதுதான் சிக்கல். ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியோடு பேனலையும் ஒரு சாதா கன்ட்ரோலரையும் சேர்த்தவர்கள் நம் பக்கம் நிறைய. இப்போது ஒரே பேட்டரிக்கு இரண்டு பேர் சோறூட்டுகிறார்கள். விடியற்காலையில் லைன் கரண்ட் வந்து பேட்டரியை நிறைத்து 13.7ல் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. எட்டு மணிக்கு வெயில் ஏறும்போது கன்ட்ரோலர் பேட்டரியைப் பார்க்கிறது, நிறைந்திருக்கிறது, ஒதுங்கிக்கொள்கிறது. சாயங்காலம் வரை பேனல் சும்மா காய்கிறது. “சோலார் போட்டும் பிரயோஜனம் இல்லை” என்று ஊர் சொல்வதில் பாதி இந்த ஒரு தவறால் வந்தது என்பது என் அனுபவம். வெயில் இருக்கும்போது லைனை விலக்கி, பேட்டரி இறங்கினால் மட்டும் லைனைச் சேர்க்கும் வகைக் கன்ட்ரோலர் இதற்கென்றே இருக்கிறது. அதை வைத்தவருக்கு வெயில் பயன்படுகிறது. வைக்காதவர் வீட்டில் பேனல் கூரைக்கு நிழல் தருகிறது.

5. சூடு. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 14.4 என்ற கணக்கு 25 டிகிரி அறைக்கு. சூடு ஏற ஏற அந்த அளவைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒவ்வொரு அறைக்கும் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 40 டிகிரி என்றால் பதினைந்து டிகிரி கூடுதல், ஆறு அறைகள், நாலு மில்லிவோல்ட் என்று வைத்தாலும் 0.36 வோல்ட் குறைய வேண்டும். 14.4 அங்கே 14.0 ஆக இருக்க வேண்டும். சூட்டை அளக்காத பெட்டி ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் ஒரே 14.4தான் தரும். அக்னி நட்சத்திரத்தில் பேட்டரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்து “வெயில் காலம், தாங்கல” என்கிறோம். வெயில் பாதி உண்மை. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. ஆனால் வெயிலுக்குத் தக்கபடி இறங்கத் தெரியாத பெட்டி மறுபாதி.

6. “காத்தாடி ஒன்றும் வைத்து அதே பெட்டியில் கொடுத்துவிட்டால் ராத்திரியும் ஏறுமே.”

இதைச் சொல்பவர்கள் எங்கள் பக்கம் குறைவுதான், ஆனால் மாட்டினால் ஆபத்து என்பதால் விடமுடியாது. சோலார் கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கிறது. பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வெயிலில் சும்மா கிடக்கும். காற்றாலைக்குச் சுமைதான் கடிவாளம். துண்டித்தால் இறக்கை தறிகெட்டுச் சுழலும், வோல்ட் ஏறிக்கொண்டே போகும், முதலில் பெட்டி எரியும், பலத்த காற்றாக இருந்தால் இறக்கையே பிய்த்துக்கொண்டு போகும். அதனால்தான் காற்றுக்கான கன்ட்ரோலர் இணைப்பை அறுக்காமல், மிஞ்சிய மின்சாரத்தை ஒரு சூடேற்றும் சுருளுக்குத் திருப்பிவிடுகிறது. இரண்டும் வேறு வேறு தொழில் செய்யும் பெட்டிகள்.

கூடவே ஒரு வார்த்தை. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் மலைக் கணவாய் காற்றைக் குவித்துத் தருகிறது. தேவிகாபுரத்தில் கனககிரி மலை மேல் ஏறி நின்றால் காற்று வரும். தெருவில் வீடுகளுக்கு நடுவே மாடியில் கம்பம் நட்ட உயரத்தில் வராது. அந்தக் காசுக்கு இன்னொரு பேனல் வாங்கலாம்.

7. “லித்தியம் வந்துவிட்டது. அதற்குள்ளேயே பி.எம்.எஸ். இருக்கிறது. இனி கன்ட்ரோலரைப் பற்றி என்ன கவலை?”

லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற காப்புச் சுற்று கடைசிக் காவல். வீட்டு வாசலைத் திறந்து போட்டுவிட்டு பீரோவில் பூட்டு இருக்கிறது என்று தூங்குவது போன்றது அதை மட்டும் நம்புவது. நாலு செல் வரிசையான 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு ஒவ்வொரு செல்லும் 3.65 வோல்ட்டைத் தாண்டக்கூடாது; மொத்தம் 14.6. ஈய பேட்டரிக்கென்று அமைத்த பெட்டி, அவ்வப்போது தகடுகளைச் சமன்படுத்த 15 வோல்ட்டுக்கு மேலே ஏற்றும். பி.எம்.எஸ். சட்டென்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரி பிழைத்தது. ஆனால் பேட்டரி விலகிய அந்தக் கணத்தில், மலிவுப் பெட்டியில் பேனலின் 22 வோல்ட் நேராக விளக்குப் பக்கம் போக வழி உண்டு. 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகள் ஒரே நேரத்தில் கூட்டமாகப் போன வீடுகளில் நான் முதலில் தேடுவது இந்தக் காரணத்தை. பேட்டரியின் வகையை மாற்றினால் பெட்டியின் அமைப்பை மாற்ற வேண்டும். மாற்ற முடியாத பெட்டி என்றால் பெட்டியையே மாற்ற வேண்டும். விலை உயர்ந்த பேட்டரிக்குக் காவல் குறைவாகப் போதும் என்பது எந்தக் கணக்கு?

8. “இனி பேட்டரியே எதற்கு? அரசே கூரையில் போட்டுத் தருகிறதே.”

2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் நல்ல திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பில் கட்டுகிற வீடுகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பேட்டரி இல்லாத அந்த அமைப்பு லைன் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் நம் கூரை மின்சாரம் பாயும். உச்சி வெயிலில் கூரை முழுக்கப் பேனல் மின்ன, கீழே தறிக்கூடம் இருட்டாக இருக்கும். கரண்ட் போன நேரத்துக்கு வெளிச்சம் தேடுகிற கைத்தறி வீட்டுக்கு அது விடையாகாது. பேட்டரி இருக்கும் வரை கன்ட்ரோலர் வழக்கு முடியவில்லை.

9. கடைசியாக, பணம்.

மற்றவையெல்லாம் தெரியாமல் சொல்பவை. இது மட்டும் தெரிந்தே சொல்வது. “புரியுதுணா, ஆனா கையில காசில்லையே.” நெய்த சேலைக்குக் கூலி எப்போது வரும் என்று காத்திருக்கும் வீட்டில் இந்தப் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதனால் கணக்கைப் போட்டே பதில் சொல்கிறேன். 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி பதினைந்தாயிரம் ரூபாய் என்று வையுங்கள். ஒழுங்காக ஐந்து வருஷம் ஓடினால் வருஷத்துக்கு மூவாயிரம். இரண்டே வருஷத்தில் போனால் வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. மலிவுப் பெட்டியால் வருஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு கூடுதலாகப் போகிறது. பெட்டியில் மிச்சம் பிடித்தது ஒரே ஒரு முறை, அதிகம் போனால் ஆயிரம் இரண்டாயிரம். இந்தக் கணக்கில் ஏழைக்குக் கட்டுப்படியாகாதது எது?

காசு குறைவென்றால் குறைக்க வேண்டிய இடம் வேறு. நூறு வாட் பேனலுக்கு 150 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்காதீர்கள். அந்தப் பேனல் ஐந்து மணி நேர நல்ல வெயிலில் 27 ஆம்பியர்-மணி தரும். பாதி காலியான பேட்டரி நிறைய, நடுவில் விளக்கே போடாமல் இருந்தாலும் மூன்று நாள் ஆகும். எவ்வளவு நல்ல கன்ட்ரோலரானாலும் வராத மின்சாரத்தை ஏற்ற முடியாது. அந்த பேட்டரி அரை வயிற்றோடேயே கிடந்து இறுகிப் போகும். சின்ன பேட்டரி வாங்குங்கள். மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைப் பெட்டிக்குக் கொடுங்கள்.

விற்கிறவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. பேட்டரி கார்டில் தேதியும் முத்திரையும் போடுகிறீர்கள். அதே கார்டின் பின்பக்கம் நாலு எண்களை எழுதிக் கொடுங்கள்: எந்த வோல்ட்டில் முழு சார்ஜ், எந்த வோல்ட்டில் தாங்கிப் பிடிப்பு, எந்த வோல்ட்டில் விளக்கு அணையும், பேட்டரி எந்த வகை. மலிவுப் பெட்டிகள் பலவற்றில் முன்பக்கம் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. பேட்டரி வகையைப் பி-1, பி-2, பி-3 என்று மாற்றலாம், ஒன்று 14.4, ஒன்று 14.2, ஒன்று 14.6. குழந்தை கை பட்டாலே மாறும். இப்போது எதில் நிற்கிறது என்று அதை மாட்டியவருக்கே தெரியாமல் இருக்கிற வீடுகள் நான் போன தெருக்களில் எத்தனையோ.

சித்தப்பா வீட்டில் இரண்டாவது பேட்டரிக்கு இப்போது நாலு வயது. புதுப் பெட்டியின் சூடு அளக்கும் ஒயரை பேட்டரியின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். கார்டின் பின்பக்கம் நாலு எண்களையும் நானே எழுதினேன். டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்று வாங்கினால் ஆறு மாதம் வருகிறது. ஜரிகைக் கட்டையை அவர் வேறு மாடத்துக்கு மாற்றிவிட்டார்.